பக்கத்து சீட்டுக்காரி

என் குரல் கரகரவென்று இருக்கிறது என்பதை யாரும் எனக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. இருபது வருடமாக ஓடுகிற காரின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "கிளட்ச்... கிளட்சை விடாதே... அடி அம்மா, கிளட்ச்" என்று கத்திக்கொண்டிருப்பவளுக்குக் குயில் குரலா இருக்கும்? எனக்கு இருப்பது வேலை செய்த குரல். அதைப் பற்றி எனக்கு வெட்கம் கிடையாது.

ஆனால் என் அண்ணனுக்கு இருந்தது. டிரைவிங் ஸ்கூல் அவனுடையது. பலகையில் அவன் பெயர், காகிதத்தில் அவன் பெயர். காரில் மட்டும் நான். அண்ணன் ஆபீசில் உட்கார்ந்து லைசென்ஸ் வேலைகளைப் பார்த்துக்கொள்வான். அண்ணி முன்மேசையில் போன் எடுப்பாள். நான் காலையிலிருந்து சாயங்காலம் வரை பெண்களுக்கு வண்டி சொல்லிக்கொடுப்பேன். என் சீட்டுக்குக் கீழே எனக்கென்று ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவள் தடுமாறினால் நான் அதை மிதிப்பேன். அந்த மிதியில் எத்தனையோ சுவர்களும் சைக்கிள்களும் பிழைத்திருக்கின்றன.

அப்படி இருக்கையில்தான் அந்தக் கம்பெனி வந்தது. ஊருக்கு ஊர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற பெரிய கம்பெனி. எங்கள் ஸ்கூலிலும் தன் பலகையை மாட்ட ஆசைப்பட்டது. கார் புதிது தருவார்களாம், ஆப் தருவார்களாம். ஒரே ஒரு நிபந்தனை. சொல்லிக்கொடுக்கிறவர்கள் அவர்களிடம் பயிற்சி எடுத்த, சிரித்த முகமுள்ள, இளவயது ஆட்களாக இருக்க வேண்டும். என்னைப் பற்றி யாரோ எழுதிப் போட்டிருந்தார்களாம், 'இந்த மேடம் திட்டுகிறார்' என்று.

"மாசக் கடைசியில கையெழுத்து. அதுக்கப்புறம் நீ அண்ணி கூட முன்மேசைக்கு வந்துடு," என்றான் அண்ணன். "ஏசியில உட்காரலாம். வெயில் கிடையாது, கத்த வேணாம்."

"எனக்கு ஏசி வேணாம். என் சீட் வேணும்."

"பிடிவாதம் பிடிக்காதே. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

என் நல்லதுக்கு என்று யாராவது ஆரம்பித்தாலே என் காதில் புகை வரும். வண்டி சொல்லிக்கொடுப்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது, வேறு எதுவும் பிடிக்காது. அந்த சீட்டிலிருந்து என்னை இறக்கினால் நான் யார்? இதை அண்ணனிடம் சொன்னேன். அவன் ஒரு லைசென்ஸ் பைலை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தான்.

கையெழுத்துக்கு முன்னால் ஸ்கூலுக்குக் கொஞ்சம் மெருகு ஏற்ற வேண்டும் என்று கம்பெனி சொல்லியிருந்தது. அண்ணனுக்கு யாரோ பாட்காஸ்ட் ஆரம்பிக்கச் சொன்னார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. என் அண்ணனும் ஊதக் கிளம்பினான்.

அதற்கென்று ஒரு ஆள் வந்தார். கழுத்தில் எப்போதும் ஒரு ஹெட்போன் தொங்கும், அதனால் நானும் அண்ணியும் அவருக்கு ஹெட்போன் என்றே பெயர் வைத்தோம். நல்ல மனிதர்தான். பழைய பைல்கள் கிடந்த பின்னறையைக் காலி செய்து, சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சை ஒட்டி, நடுவில் மேசை போட்டு, எதிரும் புதிருமாக இரண்டு மைக் வைத்தார். முதல் நிகழ்ச்சியில் அண்ணன் கேள்வி கேட்க வேண்டும், நான் பதில் சொல்ல வேண்டும்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பேசத் தெரியாமல் இல்லை. நான் வாயைத் திறந்தால் தெரு அடங்கும். ஆனால் என் தொழிலில் நான் யார் முகத்தையும் பார்த்துப் பேசியதில்லை. என் கண் ரோட்டில் இருக்கும், பேச்சு பக்கவாட்டில் போகும். இங்கேயோ அண்ணன் எதிரில் உட்கார்ந்து என் கண்ணுக்குள்ளேயே பார்க்கிறான், பெண் பார்க்க வந்தவன் மாதிரி. போதாக்குறைக்கு, திருப்பத்தில் ஸ்டியரிங்கை எப்படிப் பிடிப்பது என்று கேட்டபோது, இரண்டு கையையும் தூக்கி, "இப்படித் திருப்பணும், அப்புறம் இப்படி விடணும்" என்று காட்டினேன். பழக்க தோஷம்.

ஹெட்போன் அதைத் திரும்பப் போட்டுக் காட்டினார். "மேடம், கேக்கறவங்களுக்கு 'இப்படி'ன்னா எப்படி?"

அண்ணன் சிரித்தான். அண்ணன் சிரித்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அப்புறம் அவன் ஹெட்போனிடம், "குரலும் ஒரு மாதிரி இருக்குல்ல? தகரத்துல ஆணி இழுத்த மாதிரி. நானே தனியாப் பண்ணிடறேன்" என்றான். என் முன்னாலேயே சொன்னான். அன்று எனக்கு வந்த கோபத்தில் காரை எடுத்தால் விபத்து ஆகும் என்று தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தேன்.

அண்ணன் தனியாகப் பண்ணினான். 'பாதுகாப்பான பயணம்' என்று பெயர். தொடக்கத்தில் கப்பல் புறப்படுகிற மாதிரி ஒரு இசை, பிறகு தேன் தடவிய குரலில் சாலை விதிகள். மஞ்சள் கோடு என்றால் என்ன, வெள்ளைக் கோடு என்றால் என்ன. அண்ணன் கடைசியாக யாருக்காவது வண்டி சொல்லிக்கொடுத்து எத்தனையோ வருடம் ஆகிறது. விதி எல்லாம் சரியாகச் சொன்னான், குறை சொல்ல முடியாது. ஆனால் காக்காய்கூட எட்டிப் பார்க்கவில்லை. கேட்டது அண்ணி மட்டும்தான். அதுவும் முன்மேசையில் அவன் பார்க்கும்போது.

ஒரு நாள் ஹெட்போன் தன் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவரிடம் போனேன்.

"சட்டையில குத்தற சின்ன மைக் இருக்குல்ல, அதை எனக்குக் கொஞ்ச நாள் கொடுங்க."

"எதுக்கு மேடம்?"

"தகரத்துல ஆணி இழுக்கறதுக்கு."

பாவம், மனிதர் முகம் சுருங்கிவிட்டது. இரண்டு மைக் கொடுத்தார். எப்படிப் பதிவு செய்வது, எப்படி வெட்டுவது என்று என் போனிலேயே சொல்லிக்கொடுத்தார்.

முதல் பதிவை ஓடுகிற காரிலேயே செய்தேன். இஞ்சின் பேசியது, ஏசி பேசியது, பின்னால் வந்த லாரி பேசியது. நாங்கள் பேசியதுதான் கேட்கவில்லை. இரண்டாவது தடவை கிளாஸ் முடிந்ததும் ஒரு கிடங்குச் சுவர் எதிரே வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைத்து, கண்ணாடியை ஏற்றினேன். புழுக்கம் தாங்கவில்லை. ஆனால் திரும்பக் கேட்டபோது எனக்கே ஆச்சரியம். எதிரொலி கிடையாது, இரைச்சல் கிடையாது. சீட்டுத் துணி எல்லாவற்றையும் குடித்துவிட்டது. காதுக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. அண்ணன் சுவரெல்லாம் பஞ்சு ஒட்டியது வீண்.

அன்று டிரைவர் சீட்டில் இருந்தவள் ஒரு நர்ஸ். நான் ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. "உனக்கு எதுக்கு வண்டி?" என்று மட்டும் கேட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவளைப் பார்க்கவில்லை. இருவரும் கண்ணாடி வழியாகச் சுவரில் கிழிந்து தொங்கிய ஒரு விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"டூட்டி முடிஞ்சு வாசல்ல நிப்பேன் மேடம். கூட்டிட்டுப் போக அவர் வரணும். 'வர்றேன்ல, என்ன அவசரம்'பாரு. எல்லாரும் கிளம்பிப் போயிடுவாங்க. வாட்ச்மேன் எனக்கு நாற்காலி எடுத்துப் போடுவாரு. அந்த நாற்காலியில உட்கார்ற ஒவ்வொரு தடவையும் எனக்கு அவமானமா இருக்கும். அதுக்குத்தான்."

முகத்துக்கு முகம் உட்கார்ந்திருந்தால் இது வந்திருக்காது. பிறகு, வீட்டுக்காரருக்குத் தெரியாமல் ஒரு நாள் வண்டியை வெளியே எடுத்த கதையைச் சொன்னாள். முனையில் பஸ் திரும்புகிறது, இவள் கால் எது பிரேக் என்று தேடுகிறது. அந்த இடத்தில் என் காலும் தன்னால் அழுத்திவிட்டது. டக். என் பிரேக் தரைத் தகட்டில் இடிக்கிற சத்தம். நின்றுபோன வண்டியில், யாரோ சொல்கிற கதைக்கு, நான் பிரேக் பிடித்திருக்கிறேன். பதிவில் அது தெளிவாக விழுந்திருந்தது. அதை வெட்ட மனசு வராமல் அப்படியே போட்டேன்.

'பக்கத்து சீட்' என்று பெயர் வைத்தேன். இசை இல்லை, வணக்கம் இல்லை. கார்க் கதவு சாத்துகிற சத்தம், அப்புறம் நேராகப் பேச்சு. யார் பேசினாலும் பேர் சொல்வதில்லை. அவளே கேட்டுப் பார்த்து சரி என்று சொன்ன பிறகுதான் வெளியே விடுவேன். கேட்கிற ஒருத்தி வீட்டிலிருந்து வேலைக்குப் போய்ச் சேர்கிற நேரத்துக்குள் முடித்துவிடுவேன். முதலில் நான்தான் அதிகம் பேசினேன். பதிவைத் திரும்பக் கேட்டுக் கேட்டு என் பேச்சை நானே வெட்டினேன். அது வலித்தது. ஆனால் நான் சும்மா இருந்த இடங்களில்தான் அவர்கள் முக்கியமானதைச் சொல்லியிருந்தார்கள்.

கேட்க ஆரம்பித்தார்கள். எங்கிருந்தோ எழுதினார்கள். 'அந்த டக் சத்தம் வரும்போது எங்க காலும் அழுத்துது மேடம்' என்று எழுதினாள் ஒருத்தி. முன்மேசைக்குப் போன் வர ஆரம்பித்தது. அண்ணி ஒரு மதியம் காருக்கு வந்து சொன்னாள்: "இன்னிக்கு வந்த போன் எல்லாம் ஒரே மாதிரி. திட்டற மேடம்கிட்டதான் கத்துக்கணுமாம். சிரிக்கற ஆள் வேணாமாம்."

அண்ணனுக்கு மூக்கில் வேர்த்தது. கம்பெனிக்காரருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறான். அவருக்குப் பிடித்துவிட்டது. என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டான்.

"நல்லா வந்திருக்கு. இனிமே இதைக் கம்பெனி நடத்தும். நான் பேசுவேன், இந்த ரூம்ல பண்ணுவோம். திட்டறதெல்லாம் வெட்டிடலாம். அந்த டக் டக்குன்னு ஏதோ இடிக்குதே, அதையும் எடுத்துடச் சொல்லியிருக்கேன்."

"அப்ப நான்?"

"நீதான் மாசக் கடைசியில முன்மேசைக்கு வர்றியே."

நீ அரிசி கொண்டு வா, நான் உமி கொண்டு வருகிறேன், இருவரும் ஊதி ஊதித் தின்போம் என்றானாம் ஒருவன். என் அண்ணன் அந்த உமியைக்கூடக் கொண்டு வரவில்லை.

"முடியாது," என்றேன். "சீட்டையும் தர மாட்டேன், சத்தத்தையும் தர மாட்டேன். பலகையில உன் பேரு இருக்கு, அதை வித்துக்கோ."

"ஸ்கூல் என்னுது. வண்டி என்னுது. மறந்துடாதே."

அது உண்மை. வாசலுக்கு வந்தபோது கண்ணில் தண்ணீர் நின்றது. அண்ணி போனைக் காதில் வைத்தபடி என்னைப் பார்த்தாள். "எங்ககிட்ட யார் வேணாலும் கத்துக்கலாங்க, வயசெல்லாம் ஒரு விஷயமே இல்லை" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அண்ணன் சாப்பிட வீட்டுக்குப் போனதும் அண்ணி நேராகக் காருக்கு வந்தாள். பின்கதவைத் திறப்பாள் என்று பார்த்தேன். டிரைவர் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். மடியில் புத்தம் புது எல் போர்டு.

"எங்க போகணும் அண்ணி?"

"எங்கயும் இல்லை. கத்துக்கணும். பழகுறதுக்கான லைசென்ஸ், உங்க அண்ணனுக்குத் தெரியாம நானே போய் எடுத்துட்டேன்."

வாத்தியார் பிள்ளை மக்கு, போலீஸ்காரன் பிள்ளை திருடன் என்பார்கள். டிரைவிங் ஸ்கூல்காரன் பெண்டாட்டிக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பதை அத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் நான் யோசித்ததே இல்லை. எனக்குச் சுருக்கென்றது.

அண்ணியாயிற்றே என்று முதல் நாள் மெதுவாகச் சொல்லிக்கொடுத்தேன். "அண்ணி, கிளட்சைக் கொஞ்சம் பார்த்து விடுங்களேன்" என்று. வண்டி மூன்று தடவை குதித்து நின்றது.

"மத்தவங்களைத் திட்டற மாதிரியே என்னையும் திட்டு," என்றாள். "இல்லைன்னா நான் வேற ஸ்கூலுக்குப் போயிடுவேன்."

திட்டினேன். வஞ்சனை இல்லாமல் திட்டினேன். தினமும் மதியம் அண்ணன் சாப்பிடுகிற நேரம் எங்கள் நேரம். என் பிரேக்குக்கு ஓய்வே இல்லை. ரிவர்ஸ்தான் அவளுக்குப் பெரிய கண்டம். பின்னால் பார் என்றால் என்னைப் பார்ப்பாள். நான் மிதிப்பேன். டக். "நீ மிதிச்சுட்டியா?" என்று கேட்பாள். "மிதிக்கலைன்னா அந்தத் தூண் இப்ப பின் சீட்ல உட்கார்ந்திருக்கும்" என்பேன்.

மாசக் கடைசி வந்தது. கம்பெனிக்காரர் வருகிற நாளும் அதுதான். அன்று மதியம் அண்ணி வண்டியை ஊரைச் சுற்றி ஓட்டினாள். ஆபீஸ் தெருவுக்குத் திரும்பும்போது சொன்னாள்: "மைக்கைக் குத்து. இன்னிக்கு என்னைப் பதிவு பண்ணு."

"அண்ணன் கண்டுபிடிச்சுடுவான் அண்ணி. குரல் தெரியும்."

"தெரியட்டும்."

அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று குத்தினேன்.

ஆபீஸ் வாசலில் கம்பெனிக்காரரின் நீளமான வெள்ளைக் கார் நின்றது. அதற்கும் விளக்குத் தூணுக்கும் நடுவில் ஒரே ஒரு இடம். அண்ணி அதைத் தாண்டி நிறுத்தி ரிவர்ஸ் போட்டாள். என் கால் பிரேக்கைத் தேடி ஏற்கெனவே போய்விட்டது. அந்தக் காலை நம்ப முடியாது. இரண்டு காலையும் தூக்கி சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. பின்னால் பார்த்தாள். தூணைப் பார்த்தாள், வெள்ளைக் காரைப் பார்த்தாள். மெதுவாக, மெதுவாக வந்தாள். ஒரு தடவை நிறுத்தி, கொஞ்சம் முன்னே எடுத்து, மறுபடி வந்தாள். வண்டி இரண்டுக்கும் நடுவில் நேராக நின்றது. இஞ்சினை அணைத்தாள். ஆபீசுக்குள் போன் அடித்துக்கொண்டிருந்தது. எடுக்க ஆள் இல்லை.

அண்ணன் வெளியே வந்தான். பின்னால் கையில் பைலோடு கம்பெனிக்காரர். அண்ணன் என் பக்கக் கண்ணாடியைத் தட்டினான்.

"இறங்கு. போன் அடிச்சுட்டே இருக்கு, உங்க அண்ணி எங்கே போனான்னு தெரியலை. நீ போய் எடு."

அப்புறம்தான் ஸ்டியரிங் பக்கம் பார்த்தான். அப்படியே நின்றான். அண்ணி தன் கதவில் இருந்த பொத்தானை அமுக்கினாள். நாலு கதவும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன. என் பக்கக் கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கினாள்.

"அவ இறங்க மாட்டா," என்றாள்.

"நீ... நீ எப்போ..."

"நீங்க சாப்பிடற நேரத்துல. பேசணும்னா பின்னாடி ஏறுங்க. முன் சீட் ரெண்டுலயும் ஆள் இருக்கு."

கம்பெனிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணன் அவரைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். அண்ணி பூட்டைத் திறந்தாள். அண்ணன் தன் சொந்த வண்டியின் பின் சீட்டில், முழங்கால் இடிக்க, ஒடுங்கி உட்கார்ந்தான். நான் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

அண்ணி நேராகக் கண்ணாடி வழியே தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "கல்யாணமான புதுசுல கேட்டேன், எனக்கும் சொல்லிக்கொடுங்கன்னு. 'உனக்கு எதுக்கு, நான் இருக்கேன்ல'ன்னு சொன்னீங்க. அப்புறம் நான் கேக்கலை. இருபது வருஷமா ஊருக்கெல்லாம் போன்ல சொல்றேன், எங்ககிட்ட யார் வேணாலும் கத்துக்கலாம்னு. சொல்லிட்டு, வீட்டுக்குப் போக, பஸ்ஸைப் பிடிக்கறவ மாதிரி உங்க வண்டிகிட்ட ஓடி வருவேன். இவதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தா. திட்டித்தான் சொல்லிக்கொடுத்தா."

"அதுக்கு இப்ப என்ன..."

"இவளை இறக்கினீங்கன்னா நானும் அந்த மேசைக்கு வர மாட்டேன். போன் அடிக்குது பாருங்க. காருக்குள்ள இவ இல்லை, மேசையில நான் இல்லை. அப்புறம் அந்த ஆளுக்கு எதை விக்கப் போறீங்க? பலகையையா?"

போன் நின்றது. மறுபடி அடித்தது.

"நாளைக்கு இந்தப் பக்கத்து சீட்ல யாரு?" என்று கேட்டாள் அண்ணி.

அண்ணன் பேசவில்லை. இருபது வருடம் அந்த ஒரு வாய்க்குள் இருந்தது. அவன் வாய் திறக்கிற வரைக்கும் நான் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவதான்," என்றான் அண்ணன்.

"சத்தமா. மைக் முன்னாடி இருக்கு."

"மைக்கா?" என்றவன், என் சட்டையைப் பார்த்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டான். "அவதான் இருப்பா. போதுமா?"

கண்ணாடியை இறக்கி, கம்பெனிக்காரரிடம், "அந்த நிபந்தனை எனக்கு ஒத்து வராது சார். எங்க ஆளுங்க இப்படித்தான் இருப்பாங்க" என்றான். அவர் விதிகள் மாறாது என்றார். "அப்ப எங்க பலகையும் மாறாது" என்றான் அண்ணன். வெள்ளைக் கார் போயிற்று. இடம் தாராளமாக இருந்தும் அவர் தூணை உரசிக்கொண்டுதான் வெளியே எடுத்தார். எனக்கு நாக்கு துறுதுறுவென்றது, அடக்கிக்கொண்டேன்.

அண்ணன் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சாப்பாட்டு நேரத்தில் மட்டும், அண்ணி வண்டியை எடுத்தால், பின் சீட்டில் ஏறிக்கொள்கிறான். அவன் பேசியதை வெளியே விடலாமா என்று கேட்டேன். "எல்லாத்தையும் கேட்டுட்டுத்தானே செய்யற" என்று முறைத்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

ஹெட்போனிடம் அதை அனுப்பினேன். சாயங்காலமே கூப்பிட்டார்.

"மேடம், நடுவுல ரொம்ப நேரம் யாருமே பேசலை. அந்த மௌனத்தை வெட்டிடவா?"

"கை வெச்சீங்கன்னா தெரியும்."

"சரி சரி. அப்புறம் அந்த டக் எங்க மேடம்? முழுக்கக் கேட்டுட்டேன். ரிவர்ஸ் எடுத்தாங்களே, அங்ககூட வரலை."

"இந்தத் தடவை நான் மிதிக்கவே இல்லை," என்றேன். "ஓட்டினது எங்க அண்ணி."